செவ்வாய்க்கிழமை இரவுகளின் லீக்

இங்கிலாந்தில் கால்பந்து என்றால் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி என்பது பொதுவான நம்பிக்கை. பிரீமியர் லீக்கைப் பொறுத்தவரை தொலைக்காட்சி நிறுவனங்கள் அந்த வழக்கத்தை எப்போதோ கலைத்துவிட்டன. ஆனால் பகலில் வேறொரு வேலை பார்த்துவிட்டுப் பந்தாட வருகிறவர்களின் லீக்குகளில் அந்த மூன்று மணி இன்னும் உயிரோடிருக்கிறது. நானும் அந்த மூன்று மணியை நம்பித்தான் இஸ்த்மியன் லீக் ஆட்டங்களுக்குப் போகத் தொடங்கினேன். ஒவ்வொரு சீசனையும் ஆகஸ்ட் முதல் ஏப்ரல் வரை பின்தொடர்ந்த பிறகு என் எண்ணம் வேறாகிவிட்டது. பட்டியலின் உச்சியில் யார் நிற்பார்கள், கடைசி நான்கு இடங்களில் யார் சிக்குவார்கள் என்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை இரவுகள்தாம்.

இஸ்த்மியன் லீக் என்ற பெயர் தமிழ் வாசகர்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். லண்டனையும், அதற்குக் கிழக்கிலும் தெற்கிலும் பரந்திருக்கும் எசெக்ஸ், கென்ட், சர்ரே, சசெக்ஸ் முதலிய பகுதிகளையும் சேர்ந்த கழகங்கள் ஆடும் வட்டார லீக் அது. பிரீமியர் லீக்கை முதல் அடுக்காகக் கொண்டு கீழ்நோக்கி எண்ணினால், நாடு முழுமைக்குமான ஐந்து அடுக்குகள் முடிந்த பின் ஆறாம் அடுக்கு வடக்கு, தெற்கு என இரண்டாகவும், ஏழாம் அடுக்கு நான்காகவும் பிரிகின்றன. அந்த நான்கில் ஒன்று நார்தர்ன் பிரீமியர் லீக்குக்கும், இரண்டு சதர்ன் லீக்குக்கும், மற்றொன்று இஸ்த்மியன் லீக்கின் பிரீமியர் பிரிவுக்கும் உரியவை. இந்தப் பிரிவில் 22 கழகங்கள் உண்டு. ஒவ்வொரு கழகமும் மற்ற ஒவ்வொன்றையும் சொந்த மைதானத்தில் ஒருமுறையும் எதிரணியின் மைதானத்தில் ஒருமுறையும் சந்திப்பதால், ஆளுக்கு 42 ஆட்டங்கள். முதலிடம் பெறும் கழகம் நேரே ஆறாம் அடுக்குக்குப் போகும். இரண்டு முதல் ஐந்து வரையிலான இடங்களைப் பிடித்தவை பிளே-ஆஃப் ஆடி, அவற்றுள் ஒன்று மேலே செல்லும். கடைசி நான்கும் எட்டாம் அடுக்குக்கு இறங்கிவிடும்.

இனி நாள்காட்டியை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாம் வாரத்திலிருந்து ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரம் வரை 37 அல்லது 38 சனிக்கிழமைகள் கிடைக்கும். அவற்றில் சில, இங்கிலாந்தின் கால்பந்து சங்கம் (எஃப்ஏ) நடத்தும் எஃப்ஏ கோப்பையின் தகுதிச் சுற்றுகளுக்கும், மேலும் சில கீழ் அடுக்குக் கழகங்களுக்கான எஃப்ஏ டிராஃபிக்கும் போய்விடும். ஆகஸ்ட் கடைசித் திங்கள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், புத்தாண்டு நாள், ஈஸ்டர் திங்கள் ஆகிய விடுமுறைகளில் அண்டை ஊர்க் கழகங்களை மோதவிட்டு நான்கைந்து ஆட்டங்களைத் தீர்த்துவிடலாம். எஞ்சியவை வாரத்தின் நடுவில்தான் ஆடப்பட்டாக வேண்டும். மழையும் உறைபனியும் ஒரு சனிக்கிழமையைக்கூடக் கெடுக்காத ஆண்டுக்கு உரிய கணக்கு இது. அப்படி ஓர் ஆண்டு இங்கே வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்டம் இரவு 7.45-க்குத் தொடங்கும். அணியின் பட்டியலை நடுவரிடம் கொடுத்து, உடைமாற்றி, உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டியிருப்பதால், ஆறேகால் மணிக்குள் வீரர்கள் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று மேலாளர்கள் எதிர்பார்ப்பார்கள். பள்ளி ஆசிரியருக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை, மூன்றரை மணிக்கு வகுப்பு முடிந்துவிடும். கட்டடத் தளத்தில் வேலை செய்கிறவர் விடியலிலேயே தொடங்கிவிடுவதால் நான்கு மணிக்குக் கருவிப்பெட்டியை வண்டியில் ஏற்றிவிடலாம். அலுவலகத்தில் ஐந்தரை வரை அமர்ந்திருக்க வேண்டியவர்தான் மாட்டிக்கொள்வார். பிற்பகல் ஷிப்டு விழுந்துவிட்ட கிடங்குத் தொழிலாளியைப் பற்றிப் பேசவே வேண்டாம். இவர்கள் அனைவரும் ஒரே அணியில் இருப்பார்கள். அவர்கள் போய்ச் சேர வேண்டிய மைதானமோ எண்பது மைல் தொலைவில் இருக்கக்கூடும்.

தொலைவை மைல்களில் சொல்வதால் உண்மை நிலை விளங்காது. இந்த லீக்கின் நடுவே தேம்ஸ் நதி ஓடுகிறது. எசெக்ஸ் கழகங்கள் அதன் வடகரையிலும், கென்ட் கழகங்கள் தென்கரையிலும் உள்ளன. லண்டனைச் சுற்றி வரும் எம்25 நெடுஞ்சாலை கிழக்கே நதியைக் கடக்கும் இடம் டார்ட்ஃபோர்டு. தெற்கே போகும் வண்டிகள் இரண்டாம் எலிசபெத் அரசியின் பெயரிலுள்ள பாலத்தின் மீதும், வடக்கே திரும்பும் வண்டிகள் நதிக்கு அடியிலுள்ள சுரங்கங்களின் வழியாகவும் செல்லும். பலத்த காற்று வீசினால் பாலத்தை மூடிவிட்டு இரு திசை வண்டிகளையும் சுரங்கங்களுக்குள் பகிர்ந்துவிடுவார்கள். கேன்வி ஐலண்டும் ஃபோக்ஸ்டன் இன்விக்டாவும் ஒரே பிரிவில் இருந்த சீசன்களில், எசெக்ஸ் கடலோரத்திலிருந்து கென்ட் கடலோரத்துக்கு மாலை நெரிசல் நேரத்தில் இந்த வழியாகப் போவது என்பது ஆட்டத்துக்கு முன்பே ஆடப்படும் ஓர் ஆட்டம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிதானமாகப் பேருந்தில் ஏறிப் போகும் அதே பயணம், செவ்வாய்க்கிழமை மாலையில் முற்றிலும் வேறு பயணமாகிவிடுகிறது. ஆட்டம் ஒன்பதரை மணிக்கு மேல் முடியும். குளித்து, ஒரு தட்டில் எதையோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் வீடு சேர நள்ளிரவு. மறுநாள் காலை அதே கட்டடத் தளத்தில் அதே விடியல் காத்திருக்கும்.

ஆகையால் ஒவ்வொரு கழகத்துக்கும் சனிக்கிழமை அணி ஒன்றும் செவ்வாய்க்கிழமை அணி ஒன்றும் இருப்பதாகவே நான் எண்ணிக்கொள்கிறேன். அறிவிப்புப் பலகையில் இரண்டும் ஒரே பெயரோடு இருக்கும், ஆட்களில்தான் வேறுபாடு தெரியும். நான் வழக்கமாகப் போகும் கழகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே செவ்வாய்க்கிழமைகளில் மாற்று வீரர்களின் இருக்கையைப் பார்ப்பதே எனக்கு முதல் வேலை. உரிய எண்ணிக்கையில் ஆட்கள் அமர்ந்திருந்தால் எல்லோரும் வேலையிலிருந்து நேரத்தோடு கிளம்பிவிட்டார்கள் என்று பொருள். மூன்று பேர் மட்டும் அமர்ந்திருந்து, அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்றுவிட்டதாக எல்லோரும் நினைத்திருந்த துணைப் பயிற்சியாளராக இருந்தால், அன்றைய இரவின் போக்கு ஏறக்குறைய தெரிந்துவிடும். ஆட்ட நுணுக்கங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அணி எந்த வடிவத்தில் நின்றது, எவ்வளவு உயரத்தில் எதிரணியை நெருக்கியது என்றெல்லாம் அலசுவார்கள். மேலாளரோ அன்று மதியம் வரை வாட்ஸ்அப் குழுவைப் பார்த்து, இடது புறத் தடுப்பாட்டக்காரர் நெரிசலில் நிற்கிறாரா, முதலாளி அனுப்ப மறுத்துவிட்டாரா என்பதையே அலசிக்கொண்டிருந்திருப்பார். பட்டம் வெல்லும் அணிகளில் திறமைசாலிகள் அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. மாலை நான்கு மணிக்கு வேலையிலிருந்து விடுபடக்கூடிய திறமைசாலிகள் அதிகம் என்பதே என் கணிப்பு.

நார்தர்ன் பிரீமியர் லீக்கின் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் கழகத்தில் ஜேமி வார்டி ஆடிக்கொண்டிருந்த காலத்துக் கதை இதற்குப் பொருத்தமானது. வாரத்துக்கு 30 பவுண்டு பெற்றுக்கொண்டு, பகலில் மருத்துவச் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவர், ஒரு வழக்கின் விளைவாக ஆறு மாத காலம் மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டிய கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தார். தொலைவிலுள்ள மைதானங்களில் சனிக்கிழமை ஆட்டம் முடியும் முன்பே அவரை வெளியே எடுத்துவிட வேண்டியிருந்தது. வார நடுவின் இரவு ஆட்டங்களுக்கு அவர் கணக்கிலேயே வரமாட்டார். 2016-இல் லெஸ்டர் சிட்டியோடு பிரீமியர் லீக் பட்டம் வென்ற ஒருவரை ஒரு காலத்தில் கடிகாரம்தான் முதலில் தடுத்து நிறுத்தியது. அவருடைய காரணம் அசாதாரணமானது. ஆனால் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஆட முடியாத வீரன் என்ற நிலை இந்த அடுக்குகளில் மிகச் சாதாரணம்.

பணம் வாங்கும் வீரர்கள் ஏன் வேலையை விட்டுவிடக் கூடாது என்று ஊரிலிருந்து நண்பர்கள் கேட்பதுண்டு. வாங்கும் பணம் குடும்பத்தைத் தாங்காது என்பதே நேரடியான பதில். வீட்டுக் கடனில் ஒரு பகுதியை அடைக்கலாம், வண்டிக்கு எரிபொருள் போடலாம், அவ்வளவுதான். பணத்தோடு இந்த லீக்குக்கு இருந்த உறவே விசித்திரமானது. 1905-இல் லண்டனைச் சுற்றியிருந்த ஆறு கழகங்கள் சேர்ந்து இதைத் தொடங்கியபோது, பணம் வாங்காமல் ஆடுவதே பெருமை என்ற கொள்கையைத் தலைமேல் வைத்திருந்தன. மரியாதையே போதும் என்ற பொருள்படும் லத்தீன் வாசகம் லீக்கின் முத்திரை. அதற்கேற்ப, தொடக்கக் காலத்தில் முதலிடம் பெற்ற அணிக்குக் கோப்பையும் கிடையாது, பதக்கமும் கிடையாது. ஆனால் நல்ல வீரனை யாரும் சும்மா வைத்துக்கொள்ள முடியாது என்பதால், ஆட்டம் முடிந்து வந்தவன் தன் காலணிக்குள் நோட்டுகள் இருப்பதைக் ‘கண்டெடுக்கும்’ ஏற்பாடு இங்கிலாந்தின் அமெச்சூர் கால்பந்தில் பரவலாக இருந்தது. இந்தப் பாசாங்கை கால்பந்து சங்கம் 1974-இல் முடித்துவைத்தது. அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவினையே அந்த ஆண்டு நீங்கிற்று. அதற்கு ஓராண்டு முன்பே இஸ்த்மியன் லீக் ராத்மன்ஸ் சிகரெட் நிறுவனத்தின் ஆதரவைப் பெற்று, வெற்றிக்கு மூன்று புள்ளிகள் என்ற முறையையும் கொண்டுவந்திருந்தது. இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து லீக் அதே முறைக்கு 1981-இல்தான் வந்தது. இன்று உலகம் முழுவதும் இயல்பாகிவிட்ட மூன்று புள்ளிகளுக்கு, பகல் வேலைக்காரர்களின் இந்த லீக் முன்னோடியாக இருந்தது என்பதை எங்கள் மைதானத்தின் முதியவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவார்கள்.

பகல் வேலையோடு பணத்துக்கும் ஆடும் இந்தப் பாதித் தொழில்முறையின் மறுபக்கம் வீரர்களின் நிலையின்மை. ஒப்பந்தம் இல்லாத வீரரை வேறொரு கழகம் அணுக விரும்பினால், அவருடைய தற்போதைய கழகத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த ஏழு நாள் கடந்துவிட்டால், தற்போதைய கழகம் அவரைத் தடுத்து நிறுத்த ஏறக்குறைய எந்த வழியும் இல்லை. செப்டம்பரில் ஆறு கோல் அடித்த முன்கள வீரரை அக்டோபரில் எதிரணியின் சட்டையில் பார்ப்பது இங்கே அதிசயமன்று. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. வாரத்துக்கு ஐம்பது பவுண்டு கூடுதலாகக் கிடைக்கிறது, வீட்டிலிருந்து மைதானமும் அருகில் என்றால் யார்தான் போகாமல் இருப்பார்? மார்ச் மாதத்தின் பிற்பகுதி வரை இந்த வரவும் செலவும் நடந்துகொண்டேயிருக்கும். ஆகஸ்டில் எடுத்த அணியின் புகைப்படத்தை ஏப்ரலில் எடுத்துப் பார்த்தால் பாதி முகங்கள் ஊரில் இரா. அரிதாகச் சிலர் இந்த வழியில் வெகுதூரம் போய்விடுவதும் உண்டு. டூட்டிங் அண்ட் மிட்சம் யுனைடெட் கழகத்திலிருந்து 2008-இல் ரெடிங் கழகம் அழைத்துச் சென்ற மிக்கேல் அன்டோனியோ, பின்னர் வெஸ்ட் ஹாமுக்காக பிரீமியர் லீக்கில் மிக அதிக கோல்கள் அடித்தவராக ஆனார்.

எஃப்ஏ கோப்பையைப் பற்றி வெளியாருக்கு ஒரு காதல் உண்டு, எனக்கும் உண்டு. ஏழாம் அடுக்குக் கழகங்கள் முதல் தகுதிச் சுற்றில் நுழைகின்றன. அதிலிருந்து நான்கு சுற்றுகளை வென்றால்தான் நவம்பரில் நடக்கும் முதன்மைச் சுற்றில் மூன்றாம், நான்காம் அடுக்குத் தொழில்முறைக் கழகங்களைச் சந்திக்க முடியும். அங்கிருந்தும் இரண்டு வெற்றிகள் தாண்டினால் ஜனவரியில் பெரிய கழகங்கள். எட்டாம் அடுக்கிலிருந்த மெரைன் 2021 ஜனவரியில் டாட்டன்ஹாமைத் தன் சிறிய மைதானத்துக்கு வரவழைத்து 5-0 எனத் தோற்றது. நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டால் பார்வையாளர் யாரையும் உள்ளே விட முடியாத அந்த ஆட்டத்துக்கு, 30,000-க்கும் மேற்பட்ட மெய்நிகர் நுழைவுச்சீட்டுகளை விற்றுக் கழகம் தலை நிமிர்ந்தது. இப்படி ஒன்று நடந்தால் அடுத்த சில ஆண்டுகளுக்கு வைப்பறையில் பணம் இருக்கும். பெரும்பாலான கழகங்களுக்கு நடப்பதோ வேறு. மூன்றாம் தகுதிச் சுற்று வரை போய், நல்ல பரிசுத் தொகை ஒன்றைக் கையில் வாங்கி, பிறகு தோற்றுவிடும். கோப்பைக்காகத் தள்ளிவைத்த லீக் ஆட்டங்கள் அனைத்தும் செவ்வாய்க்கிழமைகளாக உருமாறிக் காத்திருக்கும். மாவட்ட அளவிலான கவுன்ட்டிக் கோப்பைகளும் வார நடுவில்தான் நடக்கும் என்பதால், எல்லாப் போட்டிகளிலும் வென்றுகொண்டிருக்கும் அணிக்கு வெற்றியே சுமையாகிவிடும். நவம்பரில் பட்டியலைப் பார்க்கும்போது, சிறப்பாக ஆடிவரும் ஒரு கழகம் எட்டாம் இடத்தில் இருந்து, மற்றவர்களைவிட ஐந்து ஆட்டங்கள் குறைவாக ஆடியிருந்தால், பலர் அதை மறைந்திருக்கும் பலம் என்பார்கள். நான் அதைக் கடன் என்பேன்.

டிசம்பர் வந்துவிட்டால் காலையில் எழுந்தவுடன் பார்க்க வேண்டியது மைதானத்தின் நிலை. மழைநீர் தேங்கியிருக்கிறதா, தரை உறைந்திருக்கிறதா என்று அருகிலுள்ள ஒரு நடுவரை வரவழைத்துக் காட்டுவார்கள். அவர் பந்தைக் கையிலிருந்து விட்டுப் பார்ப்பார். அது எழும்பாமல் அப்படியே நின்றுவிட்டால் ஆட்டம் ஒத்திவைக்கப்படும். களிமண் தரையுள்ள மைதானங்களில் ஓரிரு வாரம் தொடர்ந்து சொந்த ஆட்டங்கள் நடக்காமல் போவதுண்டு. வசூல் இல்லை, மதுக்கூட வருமானம் இல்லை, ஆனால் வீரர்களுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். இதற்கு மாற்றாகத்தான் 3ஜி எனப்படும் செயற்கைப் புல்தரை வந்தது. மெய்ட்ஸ்டன் யுனைடெட் 2012-இல் புதிய மைதானத்தை அப்படியே அமைத்து, 2014-15 சீசனில் இஸ்த்மியன் பிரீமியர் பட்டத்தையும் வென்றது. அத்தகைய மைதானத்தில் சனிக்கிழமை ஆட்டம் சனிக்கிழமையே நடந்துவிடும். வாரத்தின் மற்ற நாள்களில் சிறுவர் அணிகளுக்கும் ஊராருக்கும் வாடகைக்கு விட்டு வருமானமும் பார்க்கலாம். பந்து வேறு விதமாக எழும்புகிறது, முழங்கால் தேய்கிறது என்று புல்தரைப் பற்றாளர்கள் முறையிடுவதில் உண்மை இருக்கிறது. இருந்தாலும் பாதித் தொழில்முறைக் கழகங்களின் வாழ்வைக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எந்த விதிமாற்றத்தையும்விட அதிகமாக மாற்றியது இந்த நெகிழிப் புல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முதல் நான்கு அடுக்குகளில் செயற்கைத் தரைக்கு இடமில்லை. 2010-11-இல் இஸ்த்மியன் பட்டம் வென்று படிப்படியாக ஏறிய சட்டன் யுனைடெட், 2021-இல் நான்காம் அடுக்கை எட்டியதும், தன்னைத் தாங்கிய அந்தத் தரையைப் பெயர்த்தெடுத்துவிட்டு இயற்கைப் புல்லை இட வேண்டியதாயிற்று.

காலம்தான் இந்த லீக்கின் கடினமான எதிரணி என்பதற்கு வர்திங் கழகத்தைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. சசெக்ஸ் கடலோரத்தில் இருக்கும் அந்தக் கழகம் 2015-இல் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. இளம் வயதில் அதே கழகத்துக்காக ஆடி, சாலை விபத்தொன்றில் உடல் செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட ஜார்ஜ் டவல், தனக்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகையைக் கொண்டு கழகத்தை ஏற்றுக் கடன்களைத் தீர்த்து, செயற்கைப் புல்தரையையும் அமைத்தார். அணி வளர்ந்தது. 2019-20 சீசனில் வர்திங் ஏழு புள்ளிகள் முன்னிலையோடு முதலிடத்தில் இருந்தது. அப்போது நோய்த்தொற்று வந்தது. 2020 மார்ச் 26 அன்று, மூன்றாம் படிநிலைக்கும் அதற்குக் கீழும் உள்ள லீக்குகளின் சீசன் முடிந்துவிட்டதாகவும், அதன் முடிவுகள் அனைத்தும் ஏடுகளிலிருந்து நீக்கப்படுவதாகவும் கால்பந்து சங்கம் அறிவித்தது. ஏழாம் அடுக்கைத்தான் கழகங்களின் வழக்கில் மூன்றாம் படிநிலை என்பார்கள். தரவுயர்வு இல்லை, தரமிறக்கம் இல்லை, ஆடிய ஆட்டங்கள் ஆடியதாகவே கணக்கில் இல்லை. பத்தாம் அடுக்கில் ஆடிய 27 லீக் ஆட்டங்களையும் வென்றிருந்த ஜெர்சி புல்ஸ் கழகத்துக்கும் அதே கதிதான். மேலே உள்ள அடுக்குகளில் ஓர் ஆட்டத்துக்கான சராசரிப் புள்ளிகளைக் கொண்டும், எஞ்சிய ஆட்டங்களை ஆடியும் முடிவு கண்டார்கள். கீழே இருப்பவர்களுக்கு மட்டும் அழிப்பான். இந்த முடிவுக்கு நியாயம் சொல்ல முயன்ற எந்த விளக்கமும் இன்று வரை என்னை நிறைவு செய்யவில்லை.

அடுத்த சீசன் தொடங்கிச் சில வாரங்களில் மீண்டும் நின்றது, 2021 பிப்ரவரியில் முறைப்படி கைவிடப்பட்டது. நின்றபோது பட்டியலின் உச்சியில் இருந்தது மறுபடியும் வர்திங்தான். இரண்டு சீசன்கள் முதலிடத்தில் நின்றும் கையில் ஒன்றுமில்லாமல் இருந்த ஓர் அணி சிதறிப்போக எல்லாக் காரணங்களும் இருந்தன. ஏழு நாள் முன்னறிவிப்பு போதும், யாரும் யாரையும் அழைத்துக்கொண்டு போகலாம். ஆனால் அந்த அணி பெரிதும் கலையாமல் நின்று, 2021-22-இல் 42 ஆட்டங்களையும் ஆடிப் பட்டத்தை வென்று, ஆறாம் அடுக்குக்கு ஏறியது. நான் இந்த லீக்கில் பார்த்த சாதனைகளில் அந்தக் காத்திருப்பைத்தான் முதலில் வைப்பேன். அழகான கோல்களை வேறு கழகங்களும் அடித்திருக்கின்றன.

மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கு வருவோம். ஒத்திவைத்த கடன்களை எல்லாம் அடைக்கும் காலம் இது. சனி, செவ்வாய், வியாழன், சனி என்று ஆடும் வாரங்கள் வரும். ஈஸ்டரில் சனிக்கிழமை ஓர் ஆட்டம், திங்கட்கிழமை மற்றோர் ஆட்டம். முழுநேர வீரர்களே இரண்டு நாள் இடைவெளி போதாதென்று புலம்பும்போது, இடையில் வேலைக்கும் போய்வருகிற இவர்களைப் பற்றி என்ன சொல்ல? தொடைத் தசை பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வெளியேறுவதைப் பார்க்கலாம். தரமிறக்கத்தின் விளிம்பில் இருக்கும் கழகங்களுக்கு இது இன்னும் கடுமை. நல்ல வீரர்களில் சிலர் பிப்ரவரியிலேயே வேறிடம் போயிருப்பார்கள், இருப்பவர்களுக்கோ ஓய்வு கிடையாது. சம்பளமின்றிப் பணியாற்றும் செயலாளருக்கு இந்த வாரங்கள் குருவி தலையில் வைத்த பனங்காய்தான். நடுவர்களை உறுதி செய்வது, எதிரணியோடு தேதியை ஒத்துக்கொள்வது, மதுக்கூடத்துக்கு ஆள் பிடிப்பது, அனைத்தையும் தன் அலுவலக வேலைக்கு நடுவே அவர்தான் செய்ய வேண்டும்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டமும் சனிக்கிழமைக் கூட்டத்தைப் போன்றதன்று. சனிக்கிழமை குழந்தைகளோடு வரும் குடும்பங்கள் இராது, பெரிய கழகத்தின் ஆட்டம் இல்லாததால் எட்டிப் பார்க்க வந்தவர்களும் இரார்கள். எப்போதும் வருகிற சில நூறு பேர் மட்டும் இருப்பார்கள். முதல் ஐந்து அடுக்குகளில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்த 1985-ஆம் ஆண்டின் சட்டம் தடை விதிக்கிறது. ஏழாம் அடுக்குக்கு அந்தத் தடை இல்லை என்பதால், குவளையைக் கையில் பிடித்தபடி கோல் வலைக்குப் பின்னால் நின்று பார்க்கலாம். இடைவேளையில் தம் அணி தாக்கப் போகும் பக்கத்துக்கு எல்லோரும் நடந்துபோவார்கள். எதிரணி ஆதரவாளர்கள் எதிரே நடந்து வரும்போது, தடுப்பும் காவலரும் இல்லாமலேயே ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு கடந்துபோவது எனக்கு மிகப் பிடித்த காட்சி.

பிளே-ஆஃப் பற்றி எனக்கு இரண்டு மனம். 42 ஆட்டங்களில் ஐந்தாம் இடத்தைவிடப் பதினைந்து புள்ளிகள் அதிகமாகச் சேர்த்த இரண்டாம் இடத்துக்காரர், வாரத்தின் நடுவே ஒற்றை அரையிறுதியில் தோற்று வீட்டுக்குப் போவது அநியாயம். பட்டியலில் மேலே இருப்பவருக்குச் சொந்த மைதானம் என்ற சலுகை மட்டும் உண்டு. 2018-இல் டல்விச் ஹாம்லெட்டுக்கு அந்தச் சலுகைகூட முழுமையாகக் கிட்டவில்லை. மைதானத்தின் உரிமையாளர்களோடு ஏற்பட்ட பிணக்கால் அந்த ஆண்டு மார்ச்சில் வெளியேற்றப்பட்ட அவர்கள், டூட்டிங் அண்ட் மிட்சம் கழகத்தின் மைதானத்தைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு, இறுதி ஆட்டத்தில் ஹெண்டனைப் பெனால்ட்டி உதைகளில் வென்று மேலே போனார்கள். மறுபுறம், பிளே-ஆஃப் இல்லையென்றால் ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளில் பாதிக் கழகங்களுக்கு ஆட ஒரு காரணமே இராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தப் பிரிவை 20 கழகங்களாகச் சுருக்கினால் போதும் என்று நான் பலமுறை வாதிட்டிருக்கிறேன். ஆட்டங்கள் 38 ஆகக் குறையும், நான்கு செவ்வாய்க்கிழமைகளாவது மிச்சமாகும், வீரர்களின் கால்களும் அவர்களுடைய முதலாளிகளின் பொறுமையும் சற்றே பிழைக்கும். எங்கள் கழகத்தின் பொருளாளர் இதைக் கேட்டபோதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பார். இரண்டு சொந்த ஆட்டங்களின் வாயில் வசூலும் மதுக்கூட வருமானமும் போய்விட்டால், அந்தத் தொகையை நான் கொடுக்கப் போகிறேனா என்று. அவரிடம் கணக்குப் புத்தகம் இருக்கிறது, என்னிடம் கருத்து மட்டும் இருக்கிறது. ஜூலையில் புதிய அட்டவணை வெளியானவுடன் அவர் சொந்த மைதானத்துச் சனிக்கிழமைகளை எண்ணுவார், நான் டார்ட்ஃபோர்டைத் தாண்ட வேண்டிய செவ்வாய்க்கிழமைகளை எண்ணுவேன்.